முதலிடம் யாருக்கு?

என் வலைத்தளத்தைச் சர்வரில் வைத்து இணையத்தில் காட்டும் ஹோஸ்டிங் சேவையை மாற்றலாம் என்று இரண்டு நாளாக விமர்சனத் தளங்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே நாலைந்து நிறுவனங்கள்தான், வரிசை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.

சரி, என்னதான் விஷயம் என்று ஒரு தளத்தில் 'சலுகையைப் பெறுங்கள்' பொத்தான் மேல் மவுஸை வைத்தேன். கீழே தெரிந்த முகவரியின் வாலில் நீளமாக ஒரு அடையாளக் குறியீடு. அந்த வழியாகப் போய் வாங்கினால் தளத்துக்குக் கமிஷன். அஃபிலியேட் லிங்க் வைப்பது ஒன்றும் குற்றமில்லை, நானே வைத்திருக்கிறேன். ஆனால் ஹோஸ்டிங் துறையில் ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தால் கிடைக்கும் தொகை, பல சமயம் அவர் கட்டும் முதல் சில மாதக் கட்டணத்தையே தாண்டிவிடும். கமிஷன் தராத ஒரு நல்ல சின்ன நிறுவனம் இந்தப் பட்டியலில் எங்கே வரும்?

இன்னொரு கூத்து. ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டுமே நியூஃபோல்ட் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள். இவற்றை எதிரெதிரே நிறுத்தி 'வெல்வது யார்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அண்ணன் தம்பி என்று ஒரு வரிகூடச் சொல்லாமல்!

நிறுவனமே நடத்தும் தளத்தைச் சுயேச்சையான விமர்சனத் தளம்போலக் காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. கமிஷன் மட்டும் வாங்கிக்கொள்ளும் வெளித் தளத்துக்கு அது பொருந்தாது.

இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது புதுப்பிப்புக் கட்டணத்தை. முதல் வருட விலையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அடுத்த வருடம் எவ்வளவு என்று சொல்லாத பக்கத்தை அப்படியே மூடிவிடுகிறேன். நேற்று மட்டும் நாலு மூடியாயிற்று.