மாமியாரோடு மாமியார் வீட்டுக்கு

"ஜெயிலைத் திறந்து வுட்டிருக்காங்களாம். ஒருநடை போய்ட்டு வரலாமா மாப்ள?" என்று அத்தை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் வீட்டுக்கு மாமியாரே கூப்பிடுகிறார்! மனைவி முறைத்தாள். அத்தை அதற்குள் புடவை மாற்றப் போய்விட்டார்.

இது 2009 பிப்ரவரியில். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், கூவத்தை ஒட்டி இருந்த மத்தியச் சிறையைச் சொல்கிறேன். 1837-இல் கட்டியது. கைதிகளை 2006-இல் புழலுக்கு மாற்றிய பிறகு சும்மா கிடந்தது. இடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு இடத்தைக் கொடுக்கப் போகிறோம், அதற்கு முன் ஜனங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று சில நாள் திறந்து வைத்தார்கள்.

கூட்டமென்றால் கூட்டம். தீவுத்திடல் பொருட்காட்சிதான். டெல்லி அப்பளம் மட்டும்தான் பாக்கி. கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள், டிபன் பாக்ஸோடு வந்திருந்தார்கள். உள்ளே போகாமலிருக்க ஊரே சாமி கும்பிடும் இடத்தில், உள்ளே போக முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம்.

வரிசையில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "அந்தம்மா இருந்த ரூம் எது?" 1996 டிசம்பரில் கைதான ஜெயலலிதா 28 நாள் இங்கே இருந்தார். எலி, கொசு என்று அப்போது பேப்பர் பேப்பராக எழுதினார்கள். 2001-இல் நள்ளிரவில் கைது செய்து கொண்டுவரப்பட்ட கருணாநிதி இந்த வாசலில்தான் தரையில் உட்கார்ந்தார். 1932-இல் சுபாஷ் சந்திர போஸை உடம்பு சரியில்லாத நிலையில் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் குறைவு.

கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், கூட வந்த பையனுக்கு மிசா கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். எமர்ஜென்சி சமயத்தில் விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கப் பயன்பட்ட சட்டம்தான் மிசா. 1976-இல் அதில் பிடித்து வந்தவர்களை இதே மதிலுக்குள் அடித்த அடி, பிற்பாடு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் வரை போனது. ஸ்டாலின் அடிபட்டார். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் செத்தே போனார். பையன் செல்போனில் கம்பியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

படம் எடுக்காதவர் யார்? நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தேன். பக்கத்துக் கொட்டடியில் ஒரு அப்பா விளையாட்டுக்குக் கதவைச் சாத்தப்போக, அவர் பிள்ளை அலறிய அலறலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்தக் கதவின் சத்தம் அப்படி. சுவரெல்லாம் ஆணியால் கீறிய பெயர்கள், நாளை எண்ணிப் போட்ட கோடுகள், அம்புவிட்ட இதயம். சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. கைதி கீறியது எது, நேற்று வந்தவன் கீறியது எது என்று பிரிக்க முடியாது.

அத்தை எதையும் பார்த்த மாதிரி தெரியவில்லை. காவலுக்கு நின்ற வார்டரிடம் போய், "மனு ரூம் எங்கப்பா?" என்றார்.

அவர் அத்தையை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். ஜெயிலுக்குள் இருக்கும் ஆளைப் பார்ப்பதற்கு 'மனு' என்று பெயர். போய் வந்த வீட்டுக்காரர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்கே அன்றுதான் தெரியும்.

அத்தையின் அண்ணன் பெரம்பூர் லோகோவில் ஃபிட்டர். 1974 மே மாதம் நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக் நடந்ததே, அதில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அத்தைக்கு அப்போது பதினாறு வயது. அம்மாவோடு இரண்டு தடவை மனுவுக்கு வந்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. கௌரவக் குறைச்சல் என்று நினைத்தாராம். தொழிற்சங்கத்துக்காகப் போனதில் என்ன குறைச்சல் என்று கேட்டேன். "ஜெயிலு ஜெயிலுதான் மாப்ள. சொந்தக்காரன் கேப்பானா அதெல்லாம்?"

வார்டர் காட்டிய இடத்தில் கம்பி வலை இன்னும் இருந்தது. அதற்கப்பால் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி. அதற்கும் அப்பால் இன்னொரு வலை. அண்ணன் படுத்திருந்த பிளாக் எதுவென்று அத்தைக்குத் தெரியாது, வார்டருக்கும் தெரிய வழியில்லை. இந்த வலை மட்டும் அடையாளம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், உள்பக்கமாகச் சுற்றிப்போய் அண்ணன் நின்ற பக்கத்தில் நின்றுகொண்டார்.

"மாப்ள, நீங்க அந்தப் பக்கம் போங்க."

போனேன். இரண்டு வலைக்குள் அத்தையின் முகம் பொடிப்பொடியாகத் தெரிந்தது.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது அத்தை."

"அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. ஒரே நேரத்துல அத்தன பேரும் கத்துவாங்க. அண்ணன் என்னமோ சொல்லிச்சு. அம்மாவும் நானும் சும்மா தலய ஆட்டிட்டு வந்துட்டோம்."

பின்னால் வந்த கூட்டம் நகரச் சொன்னது. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.