முன்பணம் கையில் வந்த பிறகு பஸ் ஏறினால் போதும்

இளைஞர் முகாம்களுக்குக் கருத்தாளராகப் போகத் தொடங்கிப் பன்னிரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள், கிராமத்து இளைஞர் மன்றங்கள் என்று மாதத்தில் இரண்டு ஊராவது போய்வருவேன். அமர்வை எப்படி நடத்துவது, கூச்சப்படும் பிள்ளையை எப்படிப் பேசவைப்பது என்றெல்லாம் சொல்லித்தர எனக்கு நல்ல மூத்தவர்கள் கிடைத்தார்கள். அந்த ஊருக்கு எப்படிப் போவது, எதற்கெல்லாம் செலவழிக்கலாம், செலவழித்த காசு எப்போது திரும்பி வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சேவை என்று வந்துவிட்டு காசைப் பற்றிக் கேட்பதா என்ற தயக்கம்.

2013இல் என் முதல் வெளியூர் முகாம் கன்னியாகுமரி மாவட்டத்தில். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, நாகர்கோவில் வடசேரியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ், பிறகு ஆட்டோ. மூன்று நாள் முகாமுக்குத் தேவையான சார்ட், மார்க்கர், கலர் பேப்பர், நூல்கண்டு எல்லாம் என் காசில் வாங்கினேன். எல்லாமாகச் சேர்த்து 1,460 ரூபாய். ஊர் திரும்பிக் கணக்குக் கொடுக்க உட்கார்ந்தபோது பஸ் டிக்கெட்டில் ஒரு எழுத்தும் இல்லை. கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுக்கும் சீட்டு வெயிலும் வியர்வையும் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. பணம் நான்கு மாதம் கழித்து வந்தது, ஆட்டோ செலவு கழிக்கப்பட்டு. ஆட்டோவுக்கு பில் இல்லையாம்.

அப்போது எனக்கு வேறொரு சம்பளம் இருந்தது. அதனால் மனம் சங்கடப்பட்டாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தச் சம்பளம் இல்லாமல் இருந்திருந்தால் நான் இரண்டாவது முகாமுக்குப் போயிருக்கவே மாட்டேன். இந்த எண்ணம் எனக்கு உறைக்க ஐந்து வருடம் ஆனது.

2018இல் தர்மபுரிப் பக்கம் ஒரு முகாம். மானாமதுரைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கச்சி எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்தாள். கல்லூரி முடித்த வருடம். அவள் வீட்டில் பெரிய படிப்புப் படித்த முதல் ஆள் அவள்தான். முகாமில் பிள்ளைகள் அவளைச் சுற்றி மொய்ப்பார்கள். தன் பேச்சில், தன் ஊர்ச் சொல்லில் பேசுவாள். அவர்களுக்கு அது பிடித்துவிடும். தர்மபுரிக்கு வருகிறாயா என்று கேட்டேன். "அந்த வாரம் வீட்டுல விசேஷம்க்கா" என்றாள். அடுத்த முகாமுக்கும் ஒரு காரணம். மூன்றாவது முறை நேரில் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

"போகவர எழுநூறு ரூபா ஆகும்க்கா. அப்புறம் தந்துருவாங்கன்னு தெரியும். ஆனா இப்ப அது எங்கிட்ட இல்ல. அம்மாகிட்ட கேக்கவும் முடியல."

அந்த வருடம் ஜனவரியில்தான் பஸ் கட்டணம் ஏறியிருந்தது. 2011 நவம்பருக்குப் பிறகு அப்போதுதான் ஏற்றினார்கள், அதுவும் ஒரேயடியாக. எங்கள் அமைப்பின் பயணப்படிப் பட்டியலோ பழைய கட்டணத்தை வைத்துப் போட்டது. கையில் இருக்கும் காசைப் போட வேண்டும், திரும்பி வருவதும் குறைவாக வரும். இந்த ஏற்பாட்டில் யாரால் கருத்தாளராக இருக்க முடியும்? ஏற்கெனவே காசு உள்ளவர்களால் மட்டும்தான். ஏழைப் பிள்ளைகளோடு பேச ஏழை வீட்டிலிருந்து வந்த ஒருத்தி கிடைத்தாள். எங்கள் வவுச்சர் முறை அவளை வெளியே நிறுத்திவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும் நடந்தது அதுதான்.

அந்த ஆத்திரத்தோடு எங்கள் கணக்காளர் சாரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் அமைதியாக ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். நன்கொடை கொடுத்தவர்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டுக் கேட்கிறார்கள், தணிக்கையாளர் கேள்வி எழுதிவைத்திருக்கிறார், பதில் சொல்ல வேண்டியவர் இவர். "நான் காசு தரமாட்டேன்னு சொல்லலம்மா. நீங்க எதுவும் முன்கூட்டிச் சொல்றதில்ல. போயிட்டு வந்து கசங்குன பேப்பரை நீட்டுறீங்க. முன்னாடியே திட்டம் கொடுங்க, முன்பணம் நான் தர்றேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2019இல் நாங்கள் நான்கு பேர் அவரோடு இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதியதைத்தான் இன்றுவரை சின்னச் சின்னத் திருத்தங்களோடு கடைப்பிடிக்கிறோம்.

முதலாவது, யாரும் சொந்தக் காசில் பயணம் போகக் கூடாது. ரயில் டிக்கெட்டை அலுவலகமே எடுத்துவிடும். பஸ், ஆட்டோ, சாப்பாட்டுக்கு உத்தேசக் கணக்குப் போட்டு அதில் முழுத்தொகையும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் கைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் "வரலைங்க" என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. இதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வாயால் சொன்னால் புதியவர்கள் கேட்க மாட்டார்கள், எனக்கு அது தெரியும்.

ஆட்டோவுக்கு பில் கிடைக்காது என்பதை ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு, ஏன் பஸ்ஸில் போகவில்லை என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது ஜிபேயில் கொடுத்துவிடுவதால் அந்தப் படமும் சேர்ந்துகொள்கிறது. பஸ் சீட்டை அன்று ராத்திரியே போனில் படம் எடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவோம். எழுத்து வெளுத்தாலும் படம் இருக்கும். மதிப்பூதியத்தையும் பயணச் செலவையும் தனித்தனி வவுச்சரில்தான் எழுத வேண்டும். ஒன்றாகப் போட்டால் நமக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று நமக்கே தெரியாமல் போகும். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். முகாம் நடக்கும் கிராமத்தில் ஸ்டாம்ப் தேடி அலையாமல் பர்ஸில் நாலைந்து வைத்துக்கொள்வது நல்லது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்குப் பிறகு எங்கள் பெண் கருத்தாளர்களின் உள்ளூர்ப் பயணச் செலவு பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சமானதை முகாமுக்கு ஒரு ஆளைக் கூடுதலாக அழைத்துப்போகப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்டேன். கணக்காளர் சார் மறு பேச்சில்லாமல் சரி என்றார். எனக்கு அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றும் இருக்கிறது.

ரயில் டிக்கெட் விஷயத்தில் நாங்கள் நிறைய அடிபட்டோம். 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. அதனால் முகாம் தேதி முடிவான அன்றே காலண்டரில் 60 நாள் பின்னோக்கி எண்ணிக் குறித்துவைக்கிறோம். தேதி தள்ளிப்போனால் தட்கல்தான். ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதாரோடு இணைத்த கணக்கில்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். அலுவலகத்தில் யாருடைய கணக்கு இணைந்திருக்கிறது என்பதை அவசர நாளில் தேடக் கூடாது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்பதால், தட்கல் எடுக்கும் முன் முகாம் நடத்துபவர்களிடம் ஒருமுறை போன் போட்டு "நிச்சயமா நடக்குதா?" என்று கேட்டுவிடுவோம். இன்னொன்று, டிக்கெட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்கள் தம்பி ஒருவனுக்கு வீட்டில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் எடுத்துவிட்டோம். பரிசோதகர் முன் அவன் பட்ட பாட்டைக் கேட்டபிறகு, சேரும் அன்றே பெயர், வயது, தலைப்பெழுத்து எல்லாம் எழுதி வாங்கிவிடுகிறோம்.

செலவைக் குறைக்க நாங்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. இரவு முழுக்கப் பயணம் செய்துவிட்டு அன்று காலையே அமர்வு எடுப்பது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சென்னைக்கு வெளியே ஒரு முகாம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் அதிகாலை எழும்பூரில் இறங்கினேன். தூங்கவில்லை, பக்கத்துப் படுக்கையில் கைக்குழந்தை. குளித்துவிட்டு ஒன்பதரைக்கு நின்றுவிட்டேன். ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று முகாம் நடத்தியவர்களுக்கும் திருப்தி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பையன், பதினெட்டு பத்தொன்பது இருக்கும், வட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது "எனக்கு இனிமே படிக்கிறதுல அர்த்தம் இல்லன்னு தோணுது" என்றான். காதில் விழுந்தது. "சரி, அடுத்தது யாரு?" என்று நகர்ந்துவிட்டேன். ராத்திரி படுக்கும்போதுதான் அவன் சொன்னது திரும்ப வந்தது. மறுநாள் காலை அவனைத் தேடிப் போய்ப் பேசினேன். பேசினான். ஆனால் முந்தைய நாள் வட்டத்தில் திறந்த கதவு அவ்வளவு அகலமாக மறுபடி திறக்கவில்லை. அந்த அறை வாடகை 800 ரூபாய். அதை மிச்சம் பிடித்ததாகக் கணக்கில் இருக்கிறது. இப்போது முந்தின நாள் மாலையே போய்ச் சேர்வது எங்கள் விதி. முடியாது என்பவர்களிடம் முதல் அமர்வை மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள் என்கிறோம்.

பாதுகாப்பும் செலவும் ஒன்றையொன்று இடிக்கும் இடங்கள் உண்டு. ஒருமுறை இரவு எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், என்னைக் கூட்டிப்போக பிளஸ் ஒன் படிக்கும் பையனை பைக்கில் அனுப்பியிருந்தார்கள். நல்ல பிள்ளை, வணக்கம் சொல்லிப் பையை வாங்கிக்கொண்டான். லைசென்ஸ் எடுக்கும் வயதே வராத பிள்ளை. அவன் பின்னால் உட்கார்ந்து இருட்டில் எட்டு கிலோமீட்டர் போக எனக்கு மனமில்லை. அவனுக்கும் அது நல்லதில்லை. அவன் வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவை வரச்சொல்லி, பைக்கையும் பையனையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் 180 ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன். வண்டி அனுப்பியும் ஆட்டோ ஏன் என்று பிறகு கேள்வி வந்தது. எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் அதையே விதியாக்கினோம்: பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையோடு கருத்தாளர் தனியாகப் பயணம் செய்யக் கூடாது, தனி அறையில் பேசக் கூடாது, அதனால் கூடும் செலவை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் அதைக் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். முகாமில் பிள்ளைகள் மனம் திறப்பார்கள், எதுவும் வெளிவரலாம். அதனால் அந்த ஊர்க் காவல் நிலைய எண்ணும் குழந்தைகள் உதவி எண்ணான 1098ம் எங்கள் பயணத் தாளின் முதல் வரியில் இருக்கும். பஸ் நேரமெல்லாம் அதற்குக் கீழேதான்.

திட்டமிடுவதில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு கேள்வி. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், "அந்த வாரம் உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்பது. மதுரைக்காரியான எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வெளியூரிலிருந்து வருகிற கருத்தாளரை மதுரைக்கு வரச்சொன்னால் அவர் எந்தப் பாலத்தைத் தாண்டுவார்? எல்லா ஊருக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. கல்லூரி செமஸ்டர், தீபாவளி, பொங்கல் கூட்டம் எல்லாம் காலண்டரில் தெரியும். ஊர்த் திருவிழா தெரியாது.

2024 மே மாதம் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தோம். கொடைக்கானலில் ஐந்து நாள் முகாம். தேதி மார்ச்சிலேயே முடிவானது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று வந்துவிட்டது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. நானும் இன்னொருவரும் மதுரை ஆரப்பாளையத்தில் அரசு பஸ் ஏறி நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தோம். பொருட்களோடு வத்தலக்குண்டிலிருந்து வேனில் வந்த மூன்று பேர் வெள்ளி அருவிச் சோதனைச்சாவடியில் நின்றார்கள். பாஸுக்குக் கட்டணம் இல்லை. வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என்று போனில் பதிவு செய்தால் வந்துவிடும். சீசன் நெரிசலில் சிக்னலுக்கு அலைந்து, பதிவு செய்து, வரிசையில் நகர்ந்து அவர்கள் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறுபது பிள்ளைகள் மண்டபத்தில் உட்கார்ந்திருக்க, சார்ட்டும் மார்க்கரும் மலைப்பாதையில்.

அந்த இரண்டு மணி நேரத்தை ஓட்டியது மானாமதுரைத் தங்கச்சிதான். கையில் ஒரு தாள்கூட இல்லாமல் பிள்ளைகளை ஊர் ஊராகப் பிரித்து உட்காரவைத்து, அவரவர் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லச் சொன்னாள். கண்மாய், ஊருணி, லாரித் தண்ணீர், குழாய்ச் சண்டை என்று பேச்சு வளர்ந்து, வேன் வந்து சேர்ந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவளுடைய பயணச் செலவு முழுவதும் மூன்று நாள் முன்பே அவள் கைக்குப் போயிருந்தது.

இப்போது எங்கள் பயண ஏற்பாடுகளை அவள்தான் பார்க்கிறாள். போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பரமக்குடிப் பக்கம் அவன் ஊர்.

"தம்பி, ஆதார்ல உன் பேரு எப்படி இருக்குன்னு அப்படியே படிச்சுச் சொல்லு. இனிஷியல் முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா? சரி. உன் அக்கவுண்டுக்கு இன்னிக்கு சாயந்தரம் 1,200 வரும். வந்துச்சான்னு பாத்துட்டு எனக்குச் சொல்லு. வரலைன்னாலும் சொல்லு. வந்தப்புறம் பஸ் ஏறுனா போதும்."