இஷ்யூ ஆகலன்னா யாரும் படிக்கலன்னு அர்த்தமா?

யூனிவர்சிட்டி லைப்ரரில புத்தகம் வாங்குற செக்‌ஷனும் ஸ்டாக்கை பராமரிக்கிற வேலையும் ரெண்டும் என் பொறுப்புலதான் இருக்கு. வாங்குறப்ப எல்லா டிபார்ட்மெண்ட்டும் லிஸ்ட்டோட வந்து நிப்பாங்க, கழிக்கிறப்ப கையெழுத்து போட நான் மட்டும்தான்.

போன தடவை வீடிங்குக்கு, அதாவது பயன்படாத புத்தகத்தை கழிக்கிறதுக்கு, ரிப்போர்ட் எடுத்தோம். பத்து வருஷமா ஒரு தடவை கூட இஷ்யூ ஆகாத புத்தகம்னு பக்கம் பக்கமா வந்துச்சு. புதுசா சேர்ந்த தம்பி "மேடம், சர்குலேஷன் ஜீரோ, மொத்தமா எடுத்துடலாமா"ன்னு கேட்டாரு. வாங்க நேர்ல பாத்துட்டு வருவோம்னு ரேக்குக்கு கூட்டிட்டு போனேன். லிஸ்ட்ல ஒரு புள்ளியியல் அட்டவணை புத்தகம், பக்கத்துல இருந்ததெல்லாம் விரல் வெச்சா தடம் பதியுற அளவுக்கு தூசி, இது மேல மட்டும் தூசியே இல்ல, கையில எடுத்தா பைண்டிங் தளர்ந்து ஒரே ஒரு பக்கத்துல தானா விரியுது, அந்த பக்கத்து ஓரமெல்லாம் விரல் பட்டு பட்டு பழுப்பாகி இருக்கு. ஆனா டியூ டேட் ஸ்லிப்புல ஒரு சீல் கூட இல்ல. யாரும் வீட்டுக்கு எடுத்துட்டு போகல, நின்ன இடத்துலயே வேணும்ங்கற எண்ணை குறிச்சுக்கிட்டு வெச்சுட்டு போயிருக்காங்க.

நம்ம நூலகத்துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல எழுதின நூலக விதிகள்ல முதல் விதியே புத்தகம் பயன்படுறதுக்குன்னுதான், கடன் போறதுக்குன்னு இல்லையே!

அதுக்காக ரிப்போர்ட்டே வேண்டாம்னு சொல்லல. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் யூனிவர்சிட்டி லைப்ரரி பத்தின ஆய்வு 1979ல வெளிவந்துச்சு, அவங்க 1969ல வாங்குன புத்தகத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம் முதல் 6 வருஷத்துல ஒரு தடவை கூட இஷ்யூ ஆகல. வாங்குற இடத்துல இருக்கிறவங்க அந்த கணக்கை மறக்கவே கூடாது. யாராவது திறந்து பாத்தா மட்டும் வாங்குற மாதிரி இபுக் திட்டம் இருக்கு, நானும் பயன்படுத்துறேன், ஆனா எல்லாத்தையும் அதுக்கே விட்டுட்டா இன்னைக்கு படிக்கிறவங்களுக்கு தேவையானது மட்டும்தான் சேரும், அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற ஆராய்ச்சி மாணவருக்கு ரேக்ல ஒண்ணும் இருக்காது.

ஜர்னல்லயும் இதே கதைதான். ரெனியூவல் நேரத்துல டவுன்லோட் எண்ணிக்கையை வெச்சு ஒரு டவுன்லோடுக்கு எவ்வளவு செலவுன்னு வகுத்து பாப்போம், நாலே பேர் இருக்குற சின்ன டிபார்ட்மெண்ட் ஜர்னல் எப்பவும் தோத்துடும். அதனால கவுன்ட்டர் (COUNTER) ரிப்போர்ட்ல, அதாவது பதிப்பாளர்கள் குடுக்குற ஆன்லைன் பயன்பாட்டு கணக்குல, டவுன்லோடோட நிறுத்தாம, சந்தா இல்லாததால திறக்க முடியாம திரும்பி போனவங்க எண்ணிக்கையையும் கட்டாயம் பாக்குறேன். சந்தாவை நிறுத்தினா பழைய இதழ்களை தொடர்ந்து படிக்க முடியுமான்னு ஒப்பந்தத்துல தேடிப்பாத்துட்டுதான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

உள்ளேயே படிச்சதும் கணக்குல வரட்டும்னு இப்ப டேபிள்ல கிடக்குற புத்தகத்தை அடுக்குறதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணிடுறோம். எடுத்ததை திரும்ப ரேக்ல வெக்காதீங்க, டேபிள்லயே விட்டுடுங்கன்னு போர்டும் வெச்சாச்சு. அந்த அட்டவணை புத்தகம் பைண்டிங்குக்கு போயிருக்கு, கொண்டுபோய் குடுத்தது அந்த தம்பிதான்.