நாலு நாற்பது

நவம்பர் 9

நாலு நாற்பதுக்கு சுவிட்ச் சத்தம். அப்பா எழுந்துவிட்டார்.

நவம்பர் 10

ஹீட்டர் கம்பியை இன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தேன். சுருள் முழுக்க உப்பு, சுண்ணாம்பு அடித்த மாதிரி. வளைவில் ஓரிடத்தில் பச்சை பிடித்து மயிரிழையாய் வெடிப்பு. ஒயர் சேருமிடத்தில் இன்சுலேஷன் டேப், அதுவும் உரிந்து தொங்குகிறது. "கல்யாணமான வருஷம் வாங்கினது, இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கு" என்கிறார்.

தையல் பிரிக்கும் வரை அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட வெந்நீர் வேண்டும். அதை அவர்தான் போடுவார். கிட்டே போனால் முறைக்கிறார்.

நவம்பர் 11

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1500 வாட். 20 லிட்டர் வாளி. 20 டிகிரி ஏற வேண்டும். கிட்டத்தட்ட 19 நிமிடம். அந்த 19 நிமிடமும் போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். அதன்பிறகு விரலை விட்டுச் சூடு பார்க்கிறார். அணைத்துவிட்டுத்தான் விடுகிறார், கதவிடுக்கில் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 12

அம்மா நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள்.

நவம்பர் 14

ஹீட்டருக்குள்ளே சூடேறும் நிக்ரோம் கம்பி. அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி. வெளியே செம்புக் குழாய். பொடி சூட்டை வெளியே விடும், கரண்டை விடாது. காய்ந்திருக்கும் வரைதான். குழாய் வெடித்து ஈரம் இறங்கினால் அந்தப் பொடி வழியாகவே கரண்ட் கசியும். அப்போதும் தண்ணீர் நன்றாகவே சுடும், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

"எம்.சி.பி. இருக்கே" என்றார். அது 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும் சுவிட்ச். கம்பி இழுப்பது ஆறரை. மனுஷனுக்கு 30 மில்லி ஆம்பியரே ஆபத்து, ஒரு ஆம்பியரை நூறாகக் கூறுபோட்டால் அதில் மூணு கூறு. எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி. அது காப்பாற்றுவது ஒயரை, ஆளை இல்லை. "பிளாஸ்டிக் வாளிதானே, இரும்பா?" வாளி பிளாஸ்டிக்தான், தண்ணீர்?

கடைசியில் சொன்னார்: "உனக்கு அம்மாவைப் பத்திக் கவலை. அதைத் தூக்கி இந்தக் கம்பி மேல போடுற."

இருக்கலாம். வெடிப்பும் இருக்கிறது.

நவம்பர் 15

டெஸ்டர் வாங்கிவந்தேன்.

நவம்பர் 16

சுவிட்சை அணைத்துவிட்டு பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. போட்டு அணைத்து மறுபடி வைத்தேன். எரிந்தது.

சுவிட்சை நியூட்ரலில், கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில், கொடுத்திருக்கிறார்கள். அணைத்தால் கம்பி சுடாது, அவ்வளவுதான். பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், அதில் அப்படியே நிற்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது கரண்டைப் பற்றி அப்பா சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று: "அணைச்சிட்டுத் தொடு." இத்தனை வருஷமும் அணைத்துவிட்டு, அந்த விரல்.

சாயங்காலம் சொன்னேன். டெஸ்டரைப் பிடுங்கி அவரே மூன்று தடவை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 17

கம்பியை ஒளித்துவைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் போட்டேன். அப்பா முகம் கொடுக்கவில்லை.

நவம்பர் 19

எலக்ட்ரீஷியன் வந்தார். பிளேட்டைக் கழற்றினால், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. ஓட்டை மட்டும் பெரிதாக, லட்சணமாக இருக்கிறது. எர்த் இழுத்தார், சுவிட்சை பேஸில் மாற்றினார், கரண்ட் கசிந்தால் சட்டென்று அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினார். "இப்ப அந்தக் கம்பியைக் கொண்டாங்க சார்."

வாளியில் இறக்கி சுவிட்சைப் போட்டார். டப்.

"புது டப்பா சரியில்ல" என்றார் அப்பா.

அயர்ன் பாக்ஸ் செருகினார். நின்றது. மறுபடி கம்பி. டப். மூன்றாவது தடவை அப்பாவே போய்ப் போட்டார். டப்.

"தூக்கிப் போட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அப்பா கம்பியைத் துணியால் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

நவம்பர் 20

நாலு நாற்பது. சத்தமில்லை. விழிப்பு மட்டும் வந்துவிட்டது.

நவம்பர் 22

தையல் பிரித்தாயிற்று. ரிப்போர்ட் நாளைக்காம்.

அடுப்புத் தண்ணீரிலும் விரலை விட்டுத்தான் பார்க்கிறார்.

ஆணியில் கம்பி இல்லை.