ஞாயிற்றுக்கிழமையே பெயர்த்து வைத்த மண்

1937 முதல் 1939 வரை, அயர்லாந்தின் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த முதியவர்களைக் கேட்டு ஊர் வழக்கங்களை எழுதிக் கொடுத்தார்கள். இன்று இணையத்தில் எவரும் படிக்கக்கூடிய அந்த ஏடுகளில், ஆகாத நாள்களைப் பற்றிய பக்கங்களைச் சில வாரங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். தடைகளைக் காட்டிலும், அவற்றை மீறாமலே காரியத்தை நடத்திக்கொள்ள அந்த மக்கள் கண்ட வழிகள் என் மனத்தில் நிற்கின்றன.

பல ஊர்களில் திங்கட்கிழமை புதைகுழி வெட்டத் தொடங்கக் கூடாது. சாவு கிழமை பார்த்தா வருகிறது? ஆகவே திங்களன்று அடக்கம் என்றால், ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், குழி அமையவேண்டிய இடத்தில் புல்லோடு ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்து வைத்துவிட்டு வருவார். வேலை முன்தினமே தொடங்கிவிட்டதால், மறுநாள் வெட்டுவது அதன் தொடர்ச்சி ஆகிவிடும்.

பைபிளில் வரும் ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்றதை நினைவுகூரும் டிசம்பர் 28 இன்னும் கடுமையானது. அன்று எந்தப் புதுக் காரியமும் தொடங்கமாட்டார்கள். அந்த நாள் எந்தக் கிழமையில் விழுந்ததோ, அந்தக் கிழமையே ஆண்டு முழுவதும் ஆகாது என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

ஆனால் அச்சம் மிகுதியாகக் குவிந்திருந்தது மே முதல் நாளில்தான். புதுப்புல் தழைத்துப் பால் பெருகும் பருவம் அது. வெண்ணெய் விற்ற காசில்தான் பல குடியானவர்கள் நிலத்துக்குக் குத்தகை கட்டினார்கள். அன்று வீட்டிலிருந்து பால், வெண்ணெய், நெருப்பு, சாம்பல் எதுவும் வெளியே போகக் கூடாது. போனால் அந்த ஆண்டின் வெண்ணெய் யோகமே அதோடு போய்விடும் என்று நம்பினார்கள். விடியலில் கங்கு கேட்டு வரும் அண்டை வீட்டுக்காரியையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். முயல் உருவெடுத்துப் பசுவின் மடியில் பால் குடித்துப் போகும் கிழவியின் கதை நாடெங்கும் வழங்கியது. கடைந்து கடைந்தும் வெண்ணெய் திரளாமல் தோள் வலித்து நின்றவளுக்கு அந்தக் கதை எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இதற்கும் வழி வைத்திருந்தார்கள்: கொடுத்தே தீரவேண்டிய பாலில் ஒரு சிட்டிகை உப்பு போடுவார்கள், கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும், கடைகோலைப் பிடித்துச் சில தடவை கடைந்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும்.

ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தேயில் பிறந்த பிள்ளை, ஒன்று கொலை செய்யும் அல்லது கொலையுண்டு சாகும் என்றார்கள். பிறந்த சிசுவின் உள்ளங்கையில் உயிருள்ள ஒரு புழுவை வைத்து, அது நசுங்கும்வரை அந்தச் சின்ன விரல்களை மூடிப் பிடிப்பார்கள். விதித்த கொலை அதோடு நடந்து முடிந்ததாகக் கணக்கு.