கொல்லிமலைக்குப் போங்க, ஆனா வேன் பிடிக்காதீங்க

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதெல்லாம் கீழே வரும். முதலில் கொல்லிமலையின் முக்கிய ஊரான செம்மேட்டில் எங்களிடம் பேசிய வேன்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் திரும்பியும் கோபம் அடங்கவில்லை.

செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் பதினைந்து கிலோமீட்டர் போல வரும். அந்தக் கோயில் பக்கத்திலிருந்துதான் ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. "கோயில், மாசிலா அருவி, வியூ பாயின்ட், எட்டுக்கை அம்மன் எல்லாம் சுத்திக் காட்டி ரெண்டு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுடறனுங்க்கா. ரெண்டாயிரத்து ஐநூறு" என்றார். ஆகாய கங்கைக்கு இறங்கி ஏறவே அரை நாள் வேண்டுமே என்று கேட்டேன். "அவ்வளவு படி எதுக்குங்க்கா, காலு வலிக்கும். கோயிலோட திரும்பிடலாம். எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க." எங்களுக்கு அடுத்து வந்த குடும்பத்திடம் இதே சுற்றை ஆயிரத்து எண்ணூறுக்குப் பேசி முடித்தார். எழுநூறு ரூபாய் வித்தியாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். மலைக்கு வந்தவர்களை மலையில் கால் வைக்கவிடாமல் திருப்பி அனுப்புவதற்கா இத்தனை பணம்? நாங்கள் பேருந்துக்காக நின்றோம். கொஞ்ச நேரத்தில் வந்தது. ஒரு டீ, வடைக்கு ஆகிற காசில் கோயில் வாசலில் இறங்கினோம்.

நாங்கள் என்றால் நானும் அக்காவும். எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ராத்திரி தூக்கம் போய்விடும். இந்த முறை ஷிப்மென்ட் முடிந்த பிறகும் தூக்கம் திரும்பவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். பிரஷர் பார்த்தால் 148-க்கு 94. டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன், உப்பைக் குறை, தினமும் நட, கொஞ்சம் லீவு போடு என்றார். அக்கா நர்ஸ். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னைக் கிளப்பியது அவள்தான். ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் ரூம் வாடகை கேட்டோம், கட்டுப்படியாகவில்லை. மார்கழி தொடங்கி, மழையும் ஓய்ந்திருந்ததால் கொல்லிமலை என்று முடிவானது.

ஈரோடு மாறி நாமக்கல் வரை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து மலைக்கு ஏறிய வண்டியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நடைவழி முழுக்க சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் மூட்டை. காரவல்லி அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன, மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இருபதாவது வளைவுக்குள் முன்சீட்டுப் பெண்மணி கவரைப் பிடித்துக்கொண்டார், பாவம். காலையில் பூரி சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், முன்பக்கமாக உட்காருங்கள்.

ஆனால் நாற்பதாவது வளைவுக்கு மேல் அந்தப் பாதிக் கண்ணாடி வழியாக வந்த காற்று இருக்கிறதே! ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்று பள்ளியில் படித்தது அன்றைக்குத் தோலில் தெரிந்தது. அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மேலே துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

ரூம் கதையைச் சுருக்குகிறேன். வழியில் ஒரு ரிசார்ட்டில், வாசல் போர்டில் 'காட்டுக் குளியல்' என்று போட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு என்றார்கள். ரூம் வாடகை தனியாம். காட்டுக்குள் அவசரமில்லாமல் நடந்து, பார்த்து, மோந்து, கேட்டுக்கொண்டிருப்பதை ஜப்பான் வனத்துறை 1982-ல் மக்கள் உடல்நலத்துக்கான ஒரு திட்டமாக முன்வைத்தது. ஷின்ரின்-யோகு என்று அதற்குப் பெயர். நல்ல விஷயம்தான். ஆனால் கொல்லிமலையில் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் தங்கிய வீட்டுமாடி அறை ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய். ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடிகளில் சிவந்த பழம்.

அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் அக்கா ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னாள். ராஜர் உல்ரிக் என்பவர் 1984-ல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் 23 பேர், வயது முதலானவற்றில் அவர்களுக்கு ஒத்த, செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்கள் 23 பேர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. "எங்க வார்டு ஜன்னல்ல ஜெனரேட்டர்தாண்டி தெரியுது" என்றாள். கட்டடம் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு வேப்பமரத்துக்காவது இடம் விடுங்கள்.

சரி, ஆகாய கங்கை. ஆயிரத்துக்கும் மேல் படிகள். அய்யாறு ஏறக்குறைய முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. இறங்கும்போது முதலில் காதுக்கு வருவது தண்ணீர்ச் சத்தம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அரை வழியில் ஈரமண் வாசனை, அழுகிய இலை வாசனை, எங்கோ ஏதோ பூத்திருக்கிற வாசனை. போனில் சிக்னல் போய்விடுகிறது. கம்பெனி குரூப்பில் யார் என்ன கேட்டாலும் நமக்குத் தெரிய வழியே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என் தோள் தானாகக் கீழே இறங்கியதை உணர்ந்தேன். இத்தனை மாதமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன் போல. அருவியடியில் சாரல் முகத்தில் அடிக்க நின்றபோது, அக்கா என்னைப் பார்த்து "இப்பத்தான்டி உன் மூஞ்சி பழைய மாதிரி இருக்கு" என்றாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஏறுவது கஷ்டம். பொய் சொல்ல மாட்டேன். படிகள் செங்குத்து, சில இடத்தில் பாசி. இதய நோய், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். அவர்களுக்குக் கோயில் பக்கத்து ஆற்றங்கரையே போதும். மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டு நிழலில் உட்காரலாம். மற்றவர்கள் பத்துப் படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறுங்கள். நிற்கும்போதுதான் மரத்தையே பார்க்கிறோம்.

அருவியடியில் உடைந்த பாட்டில் கண்ணாடி கிடந்தது. குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கிற இடம். ஒரு கும்பல் இடுப்பளவு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அருவிக்கு மேல் சத்தம் வைத்துக் குத்தாட்டம் போட்டது. இவ்வளவு தூரம் வந்து இந்தச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டுமென்றால் வீட்டு மொட்டை மாடியிலேயே இருக்கலாமே! சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பார்ப்பது போல ஸ்பீக்கரையும் பார்த்து வாங்கி வைக்க வேண்டும்.

படி முடிகிற இடத்தில் முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்கால் போலவே ரோமத்தோடு இருக்கும் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகை. தோல் சீவி, இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்க வைத்துத் தருகிறார்கள். ஒரு கப் முப்பது ரூபாய். ஏறி வந்த களைப்புக்கு அப்படி ஓர் இதம்! நான் இரண்டு கப் குடித்தேன். ஆனால் மூட்டுவலி போகும், சர்க்கரை போகும் என்று விற்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. "இந்த மாதிரி கேட்டுட்டு மாத்திரைய நிறுத்தினவங்கதான் எங்க வார்டுக்கு வர்றாங்க" என்று அக்கா அங்கேயே சொல்லிவிட்டாள். கிலோ கணக்கில் வாங்கிப் போகிறவர்களையும் பார்த்தேன். இப்படிப் பிடுங்கினால் பாறையில் என்ன மிஞ்சும்? சூப்பைக் குடியுங்கள், மூட்டையாக வாங்காதீர்கள்.

சாப்பாட்டில் மறக்க முடியாதது சோளக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டு மெஸ். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சாமைச் சோறு ஆக்கித் தருகிறார் அந்த அம்மா. சாமைச் சோறு, பச்சை மொச்சைக் குழம்பு, கீரைக் கடைசல், மோர். ஆளுக்கு நூறு ரூபாய். "நடந்து வந்த பிள்ளைங்க, இன்னொரு கரண்டி வாங்கிக்க சாமி" என்று கேட்காமலே போட்டார். முன்னெல்லாம் மலை முழுக்க சாமை, தினை, கேழ்வரகுதானாம். இப்போது சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற மரவள்ளிதான் பார்க்கிற இடமெல்லாம் நிற்கிறது. மலைச் சாமைக்குக் கீழே நல்ல விலை கொடுத்து வாங்க ஆளிருந்தால் சாமை திரும்பி வரும். நான் இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.

எனக்கு மிகப் பிடித்த இடம் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லை. தங்கிய வீட்டுக்குப் பின்னால் ஒரு கோயில்காடு. அங்கே யாரும் மரம் வெட்டுவதில்லை, விழுந்த சுள்ளியைக்கூட எடுப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக உட்கார்ந்துகொள்ள வீட்டுக்காரர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். காலையில் அங்கே போய் உட்கார்ந்ததுதான் எங்கள் 'பேக்கேஜ்'. பைசா செலவில்லை.

தூக்கம்? வந்தது. ஒன்பதரைக்குப் படுத்தால் சேவல் கூவுகிறவரை. கிளம்புகிற நாள் காலையில் அக்கா பையிலிருந்து மெஷினை எடுத்துப் பார்த்தாள்: 130-க்கு 84. "ஒரு தடவை பாத்தத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, வேலைக்குப் போகாததாலயும் குறையும்" என்று உடனே அடக்கினாள். சரிதான். வீட்டில் தொடர்ந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள், எழுதுகிறேன்.

ரூம், பஸ், சாப்பாடு, சூப், சாமை, மிளகு எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது. இதை மாதா மாதம் செய்ய என் சம்பளம் இடம் கொடுக்காது. ஆனால் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விசாரித்துப் பார்த்தபோது, வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. ஒரே நாளில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்று ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது. இருந்தாலும் வாரம் இரண்டு மணி நேரம் எனக்குக் கட்டுப்படியாகிற கணக்கு. திருப்பூரிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது, 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுப் பறவைகள் இறங்கியிருக்கும். அக்காவுக்கு டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் காலை ஆறரைக்குப் போகிறோம். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் வாங்க, சேர்ந்து நடக்கலாம். பைனாகுலர் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாங்க, எங்களிடம் இல்லை.