நீங்களும் உட்கார்ந்து செய்யுங்கள்

தடுமாறுகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, தாய்ச்சி என்னும் மெல்லசைவுச் சீனப் பயிற்சியைக் கற்பிப்பது சரியான வழிதான் என்று இன்றும் நம்புகிறேன். புதிதாகப் பயிற்றுநராக வருகிறவர்கள் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். ஆனாலும், என் வகுப்புக்கு வந்த ஒரு பெரியவரை உட்காரச் சொன்ன காலையில் எங்களுக்குள் நடந்த நான்கு வரிப் பேச்சு மட்டும் ஒரு முடிவுக்கு வராமல் மனத்தில் கிடக்கிறது.

பக்கவாட்டில் அடி வைத்தபடி கைகளை மெல்ல வீசும் ‘மேகக் கைகள்’ என்ற அசைவைச் செய்துகொண்டிருந்தோம். பக்கவாட்டில் அடி வைக்கும்போது அவர் தடுமாறி, அருகில் நின்ற சீன அம்மையாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை. நான் சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்துவந்து அவருக்குப் பின்னால் வைத்து, “இன்னிக்கு உட்கார்ந்தே செய்யுங்க அங்கிள், கை அசைவு எல்லாம் அப்படியேதான்” என்றேன். அவர் நாற்காலியைப் பார்த்தாரே தவிர உட்காரவில்லை.

“உட்கார்ந்து செஞ்சா அது தாய்ச்சியா டீச்சர்?”

“இதுவும் தாய்ச்சிதான் அங்கிள்.”

“அப்போ நீங்களும் உட்கார்ந்து செய்யுங்க.”

“நான் நின்னாதானே பின்வரிசைக்குத் தெரியும்.”

அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர் கேட்பதைப் போலத்தான் கேட்டார். மீதி வகுப்பு முழுவதும் ஒரு அசைவையும் விடாமல் கைகளால் செய்து முடித்தார்.

நான் சொன்ன பதில் பொய்யில்லை. சிங்கப்பூரில் புளோக்குகளின் (அடுக்குமாடிக் குடியிருப்புகளின்) கீழ்த்தளத்தில் வகுப்பெடுத்தவர்களுக்கு அது தெரியும். மேடை கிடையாது, இடையில் தூண்கள் இருக்கும், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களுக்குப் பயிற்றுநரின் கைகள் மட்டுமே தெரியும். அன்று உதவியாளரும் வரவில்லை. ஆனால் அவர் கேட்டது பின்வரிசையைப் பற்றியல்ல. ‘இதுவும் தாய்ச்சிதான் என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா?’ என்பதே அவருடைய கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அன்று என்னிடம் பதில் இருந்ததா என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அவரை உட்கார வைத்ததற்கான காரணங்களை இப்போது திரும்பப் பார்த்தாலும் ஒவ்வொன்றும் உறுதியாகவே நிற்கிறது. அவருக்கு நீண்டகால நீரிழிவு. அதனால் உள்ளங்கால்கள் மரத்துப்போயிருந்தன. நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று துணைகள் வேண்டும்: கண், உட்செவி, பாதங்களிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் உணர்வு. மூன்றாவது மங்கிவிட்டவர் அந்தக் குறையைக் கண்ணால் ஈடுகட்டப் பார்ப்பார். பெரியவர் ஒவ்வோர் அடிக்கும் குனிந்து தம் பாதத்தைப் பார்த்ததை நான் முதல் வகுப்பிலேயே கவனித்திருந்தேன். காலணியின் விளிம்பு தரையைத் தொட்டுவிட்டது என்று கண் சொன்ன பிறகே அவர் அந்தக் காலில் எடையை ஏற்றுவார். மேகக் கைகளில் பார்வை கையைத் தொடர்ந்து பக்கவாட்டில் போக வேண்டும். நான் கற்பித்தபடி அவர் தலையைத் திருப்பிய அந்த நொடியில்தான், அவர் நம்பியிருந்த கண்ணின் துணையும் விலகியது. பயிற்றுநர் எதிர்பார்க்க வேண்டிய தடுமாற்றம் அது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதே இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் அதையே வலியுறுத்தினார்கள். நான் கற்பிக்கும் முறையை 1997ஆம் ஆண்டில் சிட்னியைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் பால் லாம் மற்றவர்களோடு சேர்ந்து மூட்டுவாதக்காரர்களுக்காக உருவாக்கினார். இளமையிலேயே மூட்டுத் தேய்வால் துன்பப்பட்டவர் அவர். இயன்றதில் 70 விழுக்காடு மட்டுமே செய்ய வேண்டும், வலிக்கும் எல்லைக்குள் போகவே கூடாது, நிற்க முடியாதவர் உட்கார்ந்து செய்யலாம் என்பவை அந்த முறையின் அடிப்படை விதிகள். உட்கார்ந்து செய்வதற்கென்றே தனி வடிவமும் இருக்கிறது. ஆகவே ‘இதுவும் தாய்ச்சிதான்’ என்று நான் சொன்னதற்குப் பின்னால் ஒரு மரபே நிற்கிறது.

அப்படியிருந்தும் தயக்கம் தீரவில்லை. இந்த முறைக்கு, தாய்ச்சியின் பல பாணிகளில் ஒன்றான சுன் பாணி அடிப்படையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கே ஒரு காரணம் உண்டு. அதை உருவாக்கிய சுன் லுதாங் (1860–1933) வேறு இரண்டு போர்க்கலைகளில் தேர்ந்த பிறகு, ஐம்பது வயதை ஒட்டித் தாய்ச்சிக்கு வந்தவர். அவருடைய பாணியில் முழங்கால் அதிகம் மடங்காது. நிலை உயர்ந்தே இருக்கும். ஒரு கால் முன்னே போனால் மற்றது பின்தொடர்ந்து வந்து சேரும், பின்னே போனாலும் அப்படியே. எடை ஒரே காலில் நெடுநேரம் தேங்காமல் மாறிக்கொண்டே இருப்பதால் முழங்கால் நோயுள்ளவர்களுக்கு அது தோதாக இருக்கிறது. அந்தப் பின்தொடரும் அடிதான் இந்தப் பாணியின் அடையாளம். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முதலில் இல்லாமல் போவதும் அதுவே.

ஆய்வுகளைப் பார்த்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். அமெரிக்காவின் ஆரிகனில் ஃபூசோங் லி தலைமையில் நடந்த ஆய்வொன்று 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேர் வாரம் இருமுறை, 24 வாரங்கள் பயிற்சி செய்ததில், தாய்ச்சிக் குழுவினரின் சமநிலை, வேறு பயிற்சிகள் செய்த மற்ற இரு குழுக்களைவிடத் தேறியது. அதே ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், விழும் அபாயமுள்ள 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேர் பங்கேற்றனர். தாய்ச்சியை ஒட்டி வகுக்கப்பட்ட பயிற்சியைச் செய்தவர்கள், உடலை நீட்டி இளக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். இவற்றில் கற்றுத்தரப்பட்டது நின்றபடி எடையை மாற்றுவது, அடி எடுத்து வைப்பது, தன் சமநிலையின் விளிம்புவரை சாய்ந்து மீள்வது ஆகியவை. உட்கார்ந்து செய்யும் தாய்ச்சிக்கும் சான்று உண்டு. சீனாவின் குன்மிங் நகரில் பக்கவாதத்திலிருந்து மீண்டுவந்த 160 பேரிடம் நடந்து, 2022இல் வெளியான ஆய்வில் கையின் செயல்பாடும் உட்காரும் சமநிலையும் நன்கு தேறின. கவனித்தால், கையைப் பழக்கியவர்களுக்குக் கை தேறியது, உட்காரப் பழகியவர்களுக்கு உட்காரும் நிலை தேறியது. பெரியவர் என் வகுப்புக்கு வந்ததோ விழாமல் நடப்பதற்காக.

இங்கேதான் என் நியாயம் எனக்கே எதிராகத் திரும்புகிறது. விழுந்துவிடுவார் என்று பயந்து, விழாமல் இருக்கக் கற்றுத்தரும் பகுதியை அவரிடமிருந்து எடுத்துவிட்டேனோ? இப்படிக் கேட்டுக்கொள்ளும்போதே மறுபக்கமும் பேசத் தொடங்குகிறது. ஆய்வில் ஒவ்வொருவரையும் கவனிக்கப் போதிய ஆட்கள் இருப்பார்கள். நான் ஒருத்தி. அதிலும் வகுப்பின் பாதி நேரம் எல்லாருக்கும் முதுகு காட்டி நிற்கிறேன். மாணவர்களைப் பார்த்தபடி நின்றால் இடமும் வலமும் குழம்பிவிடும். திரும்பி நின்றால் அவர்கள் எளிதாகப் பின்தொடர்வார்கள், ஆனால் அவர்கள் தடுமாறுவது எனக்குத் தெரியாது. அன்று அவர் தடுமாறியதையும் நான் பார்க்கவில்லை, அந்த அம்மையார் ‘ஐயோ’ என்றதைக் கேட்டுத்தான் திரும்பினேன். பார்க்க முடியாத இடத்தில் நிற்கிறவளுக்கு, மாணவரை நிற்க வைத்துக்கொள்ளும் துணிச்சல் எந்த அளவுக்கு இருக்கலாம்?

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கலாமே என்று சக பயிற்றுநர் ஒருவர் கேட்டார். அங்கே இருந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நாற்காலியும் ஆளோடு நகர்ந்துவிடும். பிடிமானம் இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு நழுவும் பொருள், பிடிமானமே இல்லாததைவிட மோசமானது. தூண் ஓரமாக நிறுத்தியிருக்கலாம் என்பது மட்டும் எனக்கு உடன்பாடான யோசனை. இப்போது தூண்களை ஒட்டி ஒரு வரிசையே வைத்திருக்கிறேன்.

பெரியவர் அதற்குப் பிறகும் சில வாரங்கள் வந்தார். நான் சொல்லாமலே நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பின்னர் வருவது நின்றது. அவருடைய மனைவியை ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது பார்த்தேன். “வீட்டு வாசல்ல காரிடார்ல நின்னு செய்றாரும்மா. ஒரு கையால குட்டைச் சுவத்தப் பிடிச்சுக்குவாரு, இன்னொரு கையாலதான் எல்லாம்” என்றார். அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று அதுவரை இருந்த கவலை போய், உடனே வேறொரு கவலை வந்து சேர்ந்தது. சுவரைப் பிடித்து நின்று எடையை மாற்றிப் பழகுவது, உண்மையில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பயிற்சியேதான். அதே நேரத்தில், அவர் பக்கத்தில் யாரும் இல்லை. முழங்கால் உள்ளே மடங்கினால் சொல்வதற்கு ஆளில்லை. “அங்கிள வரச் சொல்லுங்க, தூண் பக்கத்துல இடம் இருக்கு” என்று சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து செய்து பார்க்கத் தொடங்கினேன். வடிவம் எனக்குத் தெரிந்ததுதான், பயிற்சியில் செய்ததுதான். ஆனால் நிற்கும் வடிவத்தைச் செய்கிற அளவு பொறுமையோடு அதை நான் ஒருபோதும் செய்ததில்லை. முதுகைச் சாய்க்காமல் நாற்காலியின் முன்பகுதியில் அமர்ந்து, இரு பாதங்களையும் தரையில் பதித்து, ‘திறத்தலும் மூடலும்’ செய்தேன். உள்ளங்கைகள் மார்புக்கு நேரே ஒன்றையொன்று பார்த்திருக்க, மூச்சை இழுக்கும்போது தோளகலத்துக்கு விரிந்து, விடும்போது முகத்தின் அகலத்துக்கு நெருங்கும் அசைவு அது. மேகக் கைகளுக்கு வந்தபோது இடது பாதத்தை மெல்லத் தரையில் அழுத்தினேன். இடுப்பின் அடியில் எடை அந்தப் பக்கம் நகர்ந்தது, முதுகுத்தண்டு அதற்கேற்ப நிமிர்ந்து திரும்பியது, கை அதற்குப் பிறகுதான் போனது. பாதத்தில் தொடங்கி இடுப்பு வழியாகக் கைக்குப் போகும் அந்த ஓட்டம் உட்கார்ந்தாலும் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதிலிருந்து அந்தப் பேச்சில் என்னை உறுத்தும் வரி மாறிவிட்டது. ‘நீங்களும் உட்கார்ந்து செய்யுங்கள்’ என்று அவர் சொன்னதைவிட, ‘கை அசைவு எல்லாம் அப்படியேதான்’ என்று நான் சொன்னதே இப்போது அதிகம் நினைவுக்கு வருகிறது. உட்கார்ந்தவருக்கு மிஞ்சுவது கை மட்டுமே என்று அந்த வாக்கியம் சொல்கிறது. அது தாய்ச்சியா என்று அவர் கேட்டதற்கு அந்த வாக்கியமே காரணமாக இருந்திருக்கலாம். எனினும், பாதத்தை அழுத்துவதைப் பற்றியெல்லாம் அந்தக் காலையில் விளக்கியிருந்தால் அவர் சமாதானமாகி உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டால், மாட்டார் என்றே தோன்றுகிறது. கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் நின்று உழைத்தவர் அவர். எத்தனை பேர் முன்னிலையில் நாற்காலி தம் பின்னால் வந்தது என்பதும் அவருக்கு முக்கியமாக இருந்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு வகுப்பின் முதல் பகுதியையும் எல்லாருமே உட்கார்ந்து தொடங்குகிறோம், நானும் உட்காருகிறேன். நிற்க முடிந்தவர்களும் உட்கார்ந்து பழகியவர்கள் என்பதால், பிறகு ஒருவரை மட்டும் உட்காரச் சொல்லும்போது அதில் தண்டனையின் சாயல் இருப்பதில்லை. முதலில் பாதத்தை அழுத்தச் சொல்கிறேன், கையைப் பற்றிக் கடைசியில்தான் பேசுகிறேன். இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் நான் உட்கார்ந்த முதல் நாளே பின்வரிசையிலிருந்து இருவர் வந்து, ஒன்றுமே தெரியவில்லை, அடுத்த முறை நின்று செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுப் பார்த்தோம். தூண்கள் மறைத்தன. உதவியாளர் வரும் நாள்களில் அவர் நிற்க, நான் உட்காருகிறேன். வராத நாள்களில் பாதி நேரம் நின்றுதான் கற்பிக்கிறேன். அன்று பெரியவருக்கு நான் சொன்ன காரணம் அப்படியே உண்மையாக நிற்கிறது. தடுமாறுகிறவரை முதல் நாள் உட்கார வைக்கும் வழக்கத்தையும் நான் விடவில்லை.

சொல்லி அனுப்பிய பிறகும் அவர் வரவில்லை. வரும் பருவத்துக்கான பெயர்ப்பட்டியலை, வகுப்பை ஏற்பாடு செய்யும் நிலையத்தில் கேட்கிறார்கள். நேரில் போய், அந்தக் காரிடாரிலேயே அவர் எப்படி நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வரலாம் என்றும் எண்ணம். போனால், மறுபடி சோதிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம் ஒருபுறம். போகாவிட்டால், என் மாணவர் ஒருவர் கண்காணிப்பில்லாமல் பயிற்சி செய்கிறார் என்று தெரிந்தும் சும்மா இருப்பதாகிவிடும். அவர் பெயரை நானே எழுதிக் கொடுப்பதா, அவராகக் கேட்கும்வரை காத்திருப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.